கீழே யார் பேர் போடுவது: கேங்ஸ்டர் படங்களுக்கு இரண்டாம் பாகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கும் இயக்குநர்களுக்கும், அவர்களோடு ராத்திரி முழுக்க டிஸ்கஷனில் உட்கார்ந்திருக்கும் உதவி இயக்குநர் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் தருமபுரியில் அச்சகம் வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, மாங்காய் மண்டிக்கு பில் புக் என்று இந்த ஊர் கேட்டதையெல்லாம் முப்பத்தெட்டு வருஷமாக அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில் கடை போட்டேன். இப்போது வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வருகிறது, அவ்வளவுதான். சினிமாவோடு எனக்கு இருந்தது டிக்கெட் வாங்குகிற உறவு மட்டும். போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் ஒகேனக்கல் பக்கம் ஷூட்டிங்குக்கு வந்திருந்த ஒரு யூனிட்டிலிருந்து, ஆர்ட் டிபார்ட்மெண்ட் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல பையன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார், அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

“அண்ணா, அவசரமா ஒரு கல்யாணப் பத்திரிகை வேணும். தாதாவோட பொண்ணுக்குக் கல்யாணம். ரிச்சா இருக்கணும்.”

“எத்தனை?”

“அம்பது போதும். ஸ்க்ரீன்ல ரெண்டு செகண்ட்தான் வரும்.”

வெல்வெட் பெட்டி, தங்க ஃபாயில், உள்ளே முந்திரி பாதாம் வைக்கிற குழி, எல்லாம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “கீழே யார் யார் பேர் தம்பி?”

“ஏதாவது போடுங்கண்ணா.”

அந்தப் படத்தின் முதல் பாகத்தை நான் பார்த்திருந்தேன். அதில் இதே தாதா, சின்ன வயசில், தங்கை கல்யாணத்தை நடத்தி வைப்பார். “அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை எப்படி அடிச்சீங்க? அதைப் பார்த்துட்டு இதைப் பண்ணினா நல்லாருக்கும்” என்றேன். தம்பி என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அது வேற ஆர்ட் டைரக்டர்ணா” என்றார்.

இந்த மடல் அந்தப் பையன் மேல் குறை சொல்ல இல்லை. ‘ஏதாவது போடுங்க’ என்று அவருக்குச் சொல்லி அனுப்பினவர்களுக்கு எழுதுகிறேன்.

பத்திரிகையில் மரியாதை எங்கே இருக்கிறது என்று எங்களைப் போன்றவர்களைக் கேட்டால் சொல்வோம். தங்க எழுத்துக்கு விலை இருக்கிறது, ரேட் கார்டில் பார்த்துக்கொள்ளலாம். கீழே வருகிற பேர் வரிசைக்கு ரேட் கிடையாது. யார் முதலில், யார் இரண்டாவது, பெரியப்பா பேருக்கு மேலே மாமன் பேர் வரலாமா, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியைப் போடுவதா விடுவதா, செத்துப்போன தாத்தாவுக்கு ‘அமரர்’ சேர்த்தாயிற்றா, இதற்குத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். ஒரு எழுத்துப் பிழைக்காக ஐந்நூறு பத்திரிகையைத் திரும்ப அடித்துக் கொடுத்திருக்கிறேன். இனிஷியல் மாறிப்போனதற்காக ஒரு வீட்டுக் கல்யாணமே இரண்டு நாள் முறைப்பில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பேருக்குப் பின்னால் போடுகிற பட்டம் இன்னொரு கதை. முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு ‘பைனான்ஸ்’. அதற்கப்புறம் ‘தொழிலதிபர்’. கொஞ்ச காலம் போனால் ‘சமூக சேவகர்’. ஒருத்தரோ ‘கல்வி வள்ளல்’ என்று போடச் சொன்னார். பள்ளிக்கூடம் கட்ட அப்போதுதான் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் படங்களின் இரண்டாம் பாகம் முழுக்க இந்தப் பட்டத்துக்கான ஓட்டம்தானே? முதல் பாகத்தில் அவனுக்குப் பசி. பணம் வேண்டும், பழி வாங்க வேண்டும், பயப்படுத்த வேண்டும். அதெல்லாம் கிடைத்தபிறகு இரண்டாம் பாகத்தில் என்ன வேண்டும் அவனுக்கு? மேடையில் நாற்காலி. பக்கத்தில் ஒரு பெரிய மனுஷன். போட்டோ. அதை எழுதத் தெரியாமல்தான் நிறையப் பேர் துப்பாக்கியின் சைஸைக் கூட்டிவிடுகிறீர்கள் என்பது என் சந்தேகம்.

அமெரிக்க மாஃபியா குடும்பம் ஒன்றின் கதையான ‘தி காட்ஃபாதர்’ முதல் பாகத்தை எண்பதுகளில் வாடகை கேசட்டில், பாதி புரியாமல் பார்த்தேன். இரண்டாம் பாகத்தை ஒழுங்காகப் பார்த்தது நாலைந்து வருஷம் முன்புதான். பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். மூன்று மணி இருபது நிமிஷப் படம். அரை மணி நேரத்தில் அவன் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அதில் விழா வருகிறது. விழா வந்தால் நான் யார் பேர் எங்கே என்று பார்ப்பேன், தொழில் புத்தி.

1972-ல் வந்த முதல் பாகம் கல்யாணத்தில்தான் ஆரம்பிக்கிறது. தகப்பன் வீட்டோ கோர்லியோனி மகளைக் கட்டிக்கொடுக்கிறார். வெளியே தோட்டத்தில் பாட்டும் ஆட்டமும் ஒயினும். உள்ளே ஜன்னலை மூடிய இருட்டு அறையில் உதவி கேட்டு வருகிறவர்கள். செனட்டரும் சில நீதிபதிகளும் வரவில்லை. பரிசு மட்டும் அனுப்பிவிட்டு, நேரில் வரமுடியாததை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். பெரியவரும் புரிந்துகொள்கிறார். குடும்பப் போட்டோவுக்கு எல்லாரும் நிற்கும்போது, இளைய மகன் மைக்கேல் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறார். அவருக்குப் போட்டோவில் யார் வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

1974-ல் வந்த இரண்டாம் பாகத்திலும் விழா இருக்கிறது. 1958, நெவாடாவில் ஏரிக்கரை மாளிகை, இப்போது தலைமை மைக்கேல். மகனுக்கு முதல் நற்கருணை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நடத்துகிற சடங்கு. சீருடை போட்ட பையன்கள் கோஷ்டியாகப் பாடுகிறார்கள். ஒரு செனட்டர் நேரிலேயே வந்து மேடையேறி, பல்கலைக்கழகத்துக்கு மைக்கேல் குடும்பம் கொடுத்த நன்கொடைக்கு நன்றி சொல்கிறார். சொல்லும்போது அந்தக் குடும்பத்தின் பேரை உச்சரிக்கத் தெரியாமல் கடிக்கிறார். கை குலுக்கல், போட்டோ. கொஞ்ச நேரத்தில் அதே செனட்டர் உள்ளே அறையில், சூதாட்ட உரிமம் வேண்டுமானால் இரண்டரை லட்சம் டாலர் கொடு, நாலு ஹோட்டல் வசூலிலும் மாதா மாதம் ஐந்து சதவீதம் கொடு என்கிறார். உன்னையும் உன் ஆட்களையும் எனக்குப் பிடிக்காது, எண்ணெய்த் தலையும் பட்டுக் கோட்டுமாகக் கண்ணியமான அமெரிக்கர் வேஷம் கட்டுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். மைக்கேல் ஒரு காசும் தரமாட்டேன் என்று மறுப்பது பெரிய டயலாக்தான், விசில் அடிக்கலாம். ஆனால் நான் கவனித்தது வேறு. தகப்பன் காலத்தில் பெரிய மனுஷன் வீட்டுக்கு வரவில்லை, மனசுக்குள் மதித்தான். மகன் காலத்தில் வீட்டுக்கு வருகிறான், மேடையேறுகிறான், போட்டோவுக்கு நிற்கிறான், மனசுக்குள் துப்புகிறான். இதைச் சொல்ல ஒரு வசனகர்த்தா தேவைப்படவில்லை. இரண்டு விழாவை எதிரெதிரே வைத்தார்கள், முடிந்தது.

அதே விழாவில் பெண்டாஞ்சலி என்று ஒரு பழைய ஆள் வருவார். தகப்பன் காலத்து மனுஷன். வாத்தியக்காரர்களிடம் போய் தங்கள் ஊர் ஆட்டப் பாட்டு ஒன்றை வாசிக்கச் சொல்லி, கையைத் தட்டித் தாளம் போட்டுக் காட்டுகிறார். அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அது ஒரு குழந்தைப் பாட்டாகப் போய் முடிகிறது. முதல் பாகக் கல்யாணத்தில் கிழவர்கள்கூடப் பாடிய பாட்டு அந்த ஜனங்களுடையது. இங்கே ஒருத்தருக்கும் அது தெரியாது. எங்கள் பக்கத்து மண்டபங்களில் பம்பை அடிக்கச் சொல்லிக் கேட்கிற கிழவனுக்கும் இதே கதிதான். ‘கான்செப்ட்ல இல்லைங்க ஐயா’ என்று காதில் வயர் மாட்டிய பையன் சொல்லிவிட்டுப் போவான்.

இன்னும் இருக்கிறது அந்தப் படத்தில். முதல் பாகத்தில் மைக்கேல், ஐந்து வருஷத்தில் நம் குடும்பத் தொழில் முழுக்க நேர்வழிக்கு வந்துவிடும் என்று தான் கட்டிக்கொள்ளப் போகிற கேயிடம் வாக்குக் கொடுக்கிறான். இரண்டாம் பாகத்தில் அவள், நீ அதைச் சொல்லி ஏழு வருஷமாகிறது என்று கணக்குச் சொல்கிறாள். இதை நம் ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு அட்சய திருதியைக்கும் சொல்வார்கள், கேட்டிருக்கிறேன். தகப்பன் கடைசிக் காலத்தில் தோட்டத்தில் உட்கார்ந்து, நீ செனட்டராவாய், கவர்னராவாய் என்று நினைத்திருந்தேனே என்று மகனிடம் ஆற்றாமைப்படுகிறார். இரண்டாம் பாகத்தில் மகன் செனட்டுக்குப் போகத்தான் செய்கிறான், விசாரணைக் குழுவின் முன்னால் கைகட்டிப் பதில் சொல்ல. முதல் பாகத்தின் கடைசியில் அறைக் கதவு கேயின் முகத்துக்கு நேரே மூடுகிறது. அதை மூடியது கூட இருந்த ஆள். இரண்டாம் பாகத்தில் குழந்தைகளைப் பார்க்க வந்த கேயின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மைக்கேலே. ஆள் மாறியிருப்பதைக் கவனியுங்கள். ஒரே காட்சியைத் திரும்ப எடுக்கும்போது மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

நடுநடுவே தகப்பனின் வாலிபக் கதை ஓடுகிறது. சிசிலியிலிருந்து கப்பலில் தனியாக வந்த பையன் நியூயார்க்கில் தெருவுக்கு வேண்டப்பட்டவனாகிறான். நாய் வளர்த்ததற்காக ஒரு விதவையைக் காலிசெய்யச் சொன்ன வீட்டுக்காரனிடம் போய்ப் பேசுகிறான். மறுமுறை வீட்டுக்காரனே கடை தேடி வந்து, வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று நடுங்கிக்கொண்டு சொல்லிவிட்டு, வெளியே போகக் கதவைத் திறக்கத் தெரியாமல் தடுமாறுகிறான். சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் பயம் வரும். ஒரு தெரு ஒருத்தனுக்கு மரியாதை கொடுக்க ஆரம்பிக்கிற சரியான நிமிஷத்தை இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அந்தக் கதை மேலே ஏற, மகன் கதை கீழே இறங்க, இரண்டும் ஒரே படத்தில். ஆறு ஆஸ்கர் வாங்கியது, சிறந்த படம் உட்பட. ஒரு படத்தின் தொடர்ச்சிக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல்முறை என்று மகன் சொன்னான், எழுந்தபிறகு.

1990-ல் மூன்றாம் பாகமும் வந்தது. அதிலும் ஆரம்பத்தில் விழா, இந்தத் தடவை திருச்சபையே பதக்கம் கொடுக்கிறது. பட்டம் பெரிதாகப் பெரிதாக ஆள் சுருங்கிக்கொண்டே வருகிறான். அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். நாங்கள் மூன்று மாநில எல்லையில் இருக்கிறவர்கள். ஓசூரில் ஏறி இறங்கினால் கன்னடப் போஸ்டர், கிருஷ்ணகிரி தாண்டி குப்பம் பக்கம் போனால் தெலுங்குப் போஸ்டர். எல்லாப் படத்தையும் பார்ப்போம். 2018-லும் 2022-லும் வந்த கே.ஜி.எஃப். படங்களை இங்கே கொண்டாடினார்கள். நிஜக் கோலார் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பங்கு தமிழர்கள், இந்தப் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு, 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்தப் படத்தில் நாயகனுக்கு மரியாதை என்பது தங்கத்தின் எடை. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான், சரி. ஆனால் முதல் பாகத்தில் பார்த்த ஒவ்வொன்றும் இரண்டாம் பாகத்தில் இன்னும் பெரிதாக, இன்னும் சத்தமாக வருகிறதே தவிர, எதுவும் திரும்பி நம்மைப் பார்க்கவில்லை. நம் ‘பில்லா 2’ (2012) அகதியாக வந்திறங்குகிற ஒருவனிடம் தொடங்கியது. ஊரில்லாத ஒருத்தனுக்கு மரியாதை என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கோட்டு போட்டுவிட்டார்கள்.

செம்மரக் கடத்தல்காரன் கதையான ‘புஷ்பா’ விஷயம் வேறு. நிறையப் பேர் அதை வெறும் மசாலா என்று ஒதுக்குகிறார்கள். என் தொழிலில் இருந்து பார்த்தால் அந்த இரண்டு படமும் (2021, 2024) பத்திரிகையைப் பற்றிய படம். தகப்பன் குடும்பம் அவனுக்குக் குடும்பப் பேர் தரவில்லை. தெலுங்கில் அது இன்டிப்பேரு, நமக்கு இனிஷியல் மாதிரி. முதல் பாகத்தில் அவன் மேலே ஏறி வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் அந்தப் பேரைக் கேட்டு அவனைத் தரையில் இறக்குவார்கள். அவனுடைய சொந்த விசேஷத்திலேயே அது நடக்கும். இரண்டாம் பாகத்தில் கோடிக்கணக்கில் பணம் வந்தாயிற்று. மனைவி ஆசைப்பட்டாள் என்று முதலமைச்சரோடு ஒரு போட்டோ கேட்கிறான். கடத்தல்காரனோடு போட்டோவா என்று அவர் மறுத்துவிடுகிறார்.

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடடா, பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்து அவன் என்ன செய்கிறான்? முதலமைச்சரையே மாற்றக் கிளம்புகிறான். தியேட்டர் அதிர்ந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. போட்டோ மறுக்கப்பட்டவன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன சொல்வான், அவள் முகத்தைப் பார்ப்பானா மாட்டானா, அதுதானே காட்சி? ஆனால் அதே படத்தில் கடைசியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வருகிறது, அதோடு குடும்பப் பேரும் வருகிறது. அவ்வளவு பேரை அடித்தவன் அங்கே உடைகிறான். என் பக்கத்து சீட்டில் இருந்த லாரி டிரைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சண்டையில் அவர் கைதான் தட்டினார்.

சரி, நான் ஏன் போட்டோவில் இவ்வளவு நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். 1988-ல் தங்கை கல்யாணத்துக்கு முதல் முதலாக என்னிடம் பத்திரிகை அடித்தார். அப்போது அவர் வேறொருவருக்காக வட்டி வசூலுக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞன். வசூல் என்றால் எப்படிப்பட்ட வசூல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் படமே எடுக்கிறீர்கள். மஞ்சள் அட்டை, சிவப்பு மை, முந்நூறு பத்திரிகை. கீழே தாய்மாமன் பேர், பங்காளிகள் நாலு பேர், கடைசியில் அவர் பேர், பின்னால் ஒன்றுமே இல்லாமல். வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல், கூம்பு ஸ்பீக்கர். தெருப் பெண்கள்தான் மாவாட்டினார்கள், காய் நறுக்கினார்கள். அவருக்குப் பயந்து வேறு தெருவில் சுற்றிப் போகிறவர்கள்கூட அன்றைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ மொய் எழுதிவிட்டுப் போனார்கள். நோட்டில் எழுதியது நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று உட்கார வைத்துவிட்டார்.

நடுவில் ஒரு புதுமனை புகுவிழா. அதில் ‘தொழிலதிபர்’ ஏறிவிட்டது.

2018-ல் மகள் கல்யாணம். பைபாஸ் ரோட்டில் ஏசி மண்டபம், ஐயாயிரம் பத்திரிகை, பெட்டி மட்டும் ஒன்று இருநூற்று எண்பது ரூபாய். பேர் வரிசைக்கு ஐந்து ப்ரூஃப் ஓடியது. தாய்மாமன் நாலாவது பக்கத்துக்குப் போய்விட்டார். முதல் பக்கத்தில் ‘முன்னிலை’ என்று ஒரு பெரிய மனுஷர் பேர், அது வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பத்திரிகையே. அடிக்கப் போகிற அன்று சாயங்காலம் வாடிக்கையாளர் நேரில் வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “அண்ணே, அந்தப் பேரை எடுத்துருங்க. சார் கண்டிப்பா வருவாராம். பேர் மட்டும் போட வேண்டாம்னு பி.ஏ. சொல்றார்.”

எடுத்தேன். பக்கத்தில் ஓட்டை விழுந்தது. “அங்க என்ன போடறது?” என்று கேட்டார். வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் தெரியாது என்றேன், கூட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. அவர் மட்டும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று அந்தப் பெரிய மனுஷர் விடியற்காலை நாலரைக்கு வந்தார். வரவேற்பு பேனர் ஒன்று கிழிந்துவிட்டது என்று மாற்றி மாட்டப் போயிருந்ததால் நான் பார்த்தேன். போட்டோகிராபர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கவரைக் கொடுத்தார், தோளைத் தட்டினார், காபி வேண்டாமென்றார், பத்து நிமிஷத்தில் கார் கிளம்பிவிட்டது. என் வாடிக்கையாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், பட்டு வேட்டி, தோளில் துண்டு. நான் ஏணியில் இருந்தேன். இறங்கவும் முடியவில்லை, மேலேயே இருக்கவும் முடியவில்லை. மொய் எழுத அந்தத் தடவை கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள்.

லேப்டாப்பில் அந்த செனட்டர் காட்சியைப் பார்த்தபோது எனக்கு அந்த ஏணி ஞாபகம் வந்தது. ‘புஷ்பா’ படத்தில் போட்டோ மறுக்கப்பட்டபோதும் அதேதான். என் வாடிக்கையாளர் யாரையும் மாற்றவில்லை. சாயங்காலம் வரை வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரால் நிலத்தை எழுதிக்கொடுத்தவர்களுக்கும் நான்தான் பில் புக் அடித்தேன். ஆனால் 1988 மஞ்சள் அட்டையும் 2018 வெல்வெட் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உங்கள் படம் அங்கே இருக்கிறது. சாம்பிளுக்கு ஒன்று எடுத்துவைப்பது என் பழக்கம், இரண்டும் என் அலமாரியில் இருக்கின்றன.

மரியாதை என்று பேசும்போது எங்கள் மாவட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை லாட்ஜில் ஊர் தருமபுரி என்று எழுதினால் ‘வீரப்பன் ஊரா?’ என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. வீரப்பன் பிறந்தது இங்கே இல்லை, சுடப்பட்டது இங்கே. 2004 அக்டோபர் 18, பாப்பாரப்பட்டி பக்கம். அதே பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தைக் கழித்தார். சிறையில் வாங்கிய தொழுநோய்க்காக ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டதால் கட்டை வண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனுஷர். 1925 ஜூலை 23-ல் அங்கே இறந்தார், நினைவிடம் இருக்கிறது. ஒரே சின்ன ஊரில் இரண்டு முடிவு. கேமராவோடு வருகிறவர்கள் எந்த முடிவைக் கேட்டு வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் போனார்கள். பெண்களுக்கு என்ன செய்தார்கள், வீடுகளை என்ன செய்தார்கள் என்பது நீதிமன்றத்தில் நிரூபணமானது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லாரும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023-ல், அதே செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒரு ஊருக்கே ‘கடத்தல்காரர்கள்’ என்று ஒட்டிய பட்டத்தைக் கிழிக்க 31 வருஷம் ஆகியிருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் செம்மரக் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு இருபது மரம்வெட்டிகள் செத்தார்கள். அவர்களில் எங்கள் மாவட்டத்து மலை ஊர்க்காரர்களும் உண்டு. உங்கள் நாயகன் முதல் பாகத்தின் முதல் ரீலில் செய்கிற அதே கூலி வேலைக்குப் போனவர்கள். அந்தச் சாவுக்கு என் கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட அடித்ததாக ஞாபகம் இல்லை. போஸ்டர் அடிக்கப் பணம் வேண்டும்.

இதையெல்லாம் படமாக எடுங்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிற அதே தாதா கதையில், அவன் வெள்ளை வேட்டி கட்டி மேடையில் உட்காரும்போது, கூட்டத்தில் முதல் பாகத்து ஆள் ஒருவரையாவது நிறுத்துங்கள். அவனோடு அதே லாரியில் கட்டை ஏற்றியவன், அவன் வீட்டில் மாவாட்டியவள். அந்த ஆளைக் கண்டதும் அவன் கண் எங்கே போகிறது என்று கேமராவைக் கொஞ்ச நேரம் வையுங்கள். அதற்கு கிரேன் வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம். ‘நாயகன்’ (1987) கடைசியில் பேரன் ஒரு கேள்வி கேட்கிறானே, தாத்தா நல்லவரா கெட்டவரா என்று, அதற்கு எத்தனை லட்சம் செலவானது? அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்காமல் விட்டார்கள். அந்தக் கேள்வியைத் தாண்டி என்ன எடுப்பது என்று தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றுகிறது.

இன்னொன்று. முதல் பாகத்தில் வந்த வசனத்தையே இரண்டாம் பாகத்தில் இன்னும் கனமான குரலில் சொல்ல வைத்து, பின்னணியில் அதே மியூசிக்கைப் போட்டு, அதை ‘கனெக்ட்’ என்று பேட்டியில் சொல்கிறீர்கள். அது பழைய பிளாக்கை எடுத்துத் திரும்ப அடிப்பது. அந்த வேலை என் கடையில் தினமும் நடக்கிறது, நாங்கள் அதற்கு ‘ரிப்பீட் ஆர்டர்’ என்று பேர் வைத்திருக்கிறோம், ரேட்டும் குறைவு.

அந்த ஐம்பது பத்திரிகைக் கதையை முடித்துவிடுகிறேன். ‘ஏதாவது போடுங்க’ என்றார் அல்லவா, எனக்கு ஏதாவது போட வரவில்லை. முதல் பாகத்தில் அந்தத் தாதாவுக்கு ஒரு நண்பன் இருந்தான். தங்கை கல்யாணத்தில் வாழைமரம் கட்டுவான், சோற்றுக் கூடை தூக்குவான், இடைவேளைக்குப் பிறகு இவனுக்காகக் கத்திக் குத்து வாங்கிச் செத்துப்போவான். பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்பதற்குக் கீழே மாமன் மச்சான் பேரெல்லாம் கற்பனையாகப் போட்டுவிட்டு, முதல் வரியில் ‘அமரர்’ என்று சேர்த்து அந்த நண்பன் பேரைப் போட்டேன். பெண்ணைப் பெற்ற தகப்பனாக இருந்தால் அவன் அப்படித்தான் போட்டிருப்பான் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் தம்பி போன் பண்ணினார். குரலில் சங்கடம் தெரிந்தது. “அண்ணா, சூப்பரா இருக்குண்ணா. ஆனா டைரக்டர் அந்த அமரர் பேரை மட்டும் எடுக்கச் சொல்றார். ஃபங்ஷன் சீன்ல நெகட்டிவா இருக்காம்.”

எடுத்துவிட்டு அடித்துக் கொடுத்தேன். வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். படம் வந்ததும் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னபடி இரண்டு செகண்ட், தங்க ஃபாயில் நன்றாக மின்னியது.

அமரர் பேர் போட்ட முதல் ப்ரூஃப் என் அலமாரியில் அந்த மஞ்சள் அட்டைக்கும் வெல்வெட் பெட்டிக்கும் பக்கத்தில் இருக்கிறது. உங்களில் யாராவது தருமபுரிப் பக்கம் லொகேஷன் பார்க்க வந்தால் கடைக்கு வாருங்கள், காட்டுகிறேன். வேலை கொடுக்கிறதாக இருந்தால் பேர் வரிசையை எழுதிக் கொண்டுவாருங்கள். ப்ரூஃப் பார்க்க முழுசாக ஒரு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
தருமபுரி அச்சகக்காரர் ஒருவர்